அடுப்பை அணைக்காமல் போகிற தூரம்

கையில் அகப்பை இல்லாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம். கடைக்குப் போனாலும் அகப்பை, குழாயடிக்குப் போனாலும் அகப்பை, வீட்டுக்காரச் செட்டியாரின் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்றாலும் அகப்பை. அடுப்பில் எதையாவது ஏற்றிவிட்டுத்தான் வெளியே கிளம்புவாள். அது கொதித்து வழிவதற்குள் போன காரியம் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் அந்தக் காரியம் இருக்கக் கூடாத தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நாம் வேகமாக நடந்திருக்கலாமே என்ற பேச்சுக்கே அவளிடம் இடம் கிடையாது.

மலாயில் தூரத்துக்கு ‘ஜாவ்’ என்பார்கள். அவள் வாயில் அது ஒரு வசைச்சொல். உப்பு உறைக்காத குழம்பு ஜாவ். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை ஜாவ். கட்டின புருஷனும் ஜாவ்தான், ஏனென்றால் அந்த மனிதர் மாட்டுவண்டி ஓட்டினார். பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கித்தா என்கிற ரப்பர்ப் பாளங்களை ஏற்றிக்கொண்டு மலாக்கா டவுன் கிடங்குகளில் இறக்குவது அவர் வேலை. “இவரு தூரத்தை வச்சே சோறு தின்றாரு, நான் தூரமே ஆகாதுன்னு சொல்றேன். எங்க ரெண்டு பேருக்கும் ஜாதகம் பாத்தவன் எங்க இருக்கானோ” என்பாள். அவர் சிரித்துக்கொண்டே மாட்டை அவிழ்ப்பார். நாங்கள் அவளை வண்டிக்காரர் வீட்டு அக்கா என்று கூப்பிட்டோம்.

காஜா பெராங்கில் ஒரே கூரையின் கீழ் நீளமாக ஓடிய பலகை வீட்டு வரிசை அது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் ஒரே சர்க்காராக இருந்தன. ஜப்பான்காரன் வருவான் என்று யாரும் கனவுகூடக் காணவில்லை. டவுனில் பாசார் என்கிற பெரிய சந்தை இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, கோயில் இருந்தது. எல்லாம் இருந்தும் என்ன, கைக்குழந்தையோடு ஒரு பெண் போய்த் திரும்பினால் அன்றைய பொழுது அதோடு சரி. அதனால் அக்கா ஒரு காரியம் செய்தாள். டவுனை நோக்கி நாம் நடப்பதற்குப் பதிலாக, டவுனில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் வரிசைக்குக் கொண்டுவந்து குடிவைத்தாள்.

எப்படி என்றால், அம்மியை வைத்து. எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. குடிவருகிற வீட்டுக்குள் முதலில் அம்மிதான் போகும். அம்மி யாருடையதோ வீடு அவளுடையது. ஒருத்தி போட்ட அம்மியை வேறொரு கை தூக்கி வெளியே வைக்காது. தூக்கினவன் குடும்பம் விளங்காது என்று ஒரு பயம். எந்த வீடு காலியானாலும், போகிறவர்களின் கடைசி மூட்டை வாசல் தாண்டுவதற்குள் அக்காவின் அம்மி உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு தினமும் அங்கேயே போய் மிளகாய் அரைப்பாள். வீடு சும்மா கிடக்கவில்லை என்பதற்கு அந்த நெடிதான் அத்தாட்சி. வரிசைக்கு யார் தேவையோ அந்த ஆள் கிடைத்த அன்றுதான் அம்மி வெளியே வரும்.

நான் குடிவருவதற்கு முன்பே அப்படி ஒரு நாவிதர் வந்திருந்தார், தையற்காரர் வந்திருந்தார், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் மூலையில் மளிகையும் நாட்டு மருந்தும் வைத்திருந்தார். என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் மாக் பீடான் இருந்தாள். பிரசவம் பார்க்கிற மலாய்க்காரி. மாக் என்றால் அம்மா, பீடான் என்றால் மருத்துவச்சி. கைராசிக்காரி என்று புக்கிட் காதில் ஊர் வரைக்கும் பெயர். அவளைப் பிடித்துக்கொண்டுவந்து குடிவைத்ததுதான் அக்காவின் சாதனைகளிலேயே பெரியது.

ஒரு முறை கணக்கப்பிள்ளை ஒரு பாங்குப் பியூனை அழைத்துக்கொண்டு காலி வீட்டைக் காட்ட வந்தார். உள்ளே அம்மி கிடந்தது.

“இது யாரோட அம்மி?”

“என்னோடது.” அக்கா அகப்பையோடு வந்து நின்றாள். அகப்பையிலிருந்து ரசம் சொட்டியது.

“உனக்குத்தான் வீடு இருக்கேம்மா.”

“இருக்கு. இந்த வீட்டுக்கு ஒரு மருத்துவர் வரணும். பல்லுவலிக்குப் பாக்கற ஆளா இருந்தா இன்னும் நல்லது.”

“அதைச் சொல்ல நீ யாரு?”

“பல்லு வலிக்கறவ. சீக்கிரம் பேசுங்க, அடுப்புல ரசம் இருக்கு.”

கணக்கப்பிள்ளை கூட வந்த கூலியாளைப் பார்த்து “தூக்கிப் போடுடா” என்றார். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பியூன் எப்போதோ நழுவிவிட்டார். செட்டியாரிடம் புகார் போயிற்று. அக்கா குடிவைத்த ஆட்கள் லேசில் வீட்டைக் காலி செய்வதில்லை என்பது செட்டியாருக்குத் தெரியும். அந்தம்மாவை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டால் அவளைக் கொண்டாடத் தோன்றும். நானும் கொண்டாடியவள்தான். ஆனால் ஒரு மழை நாளில், புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து காலி வீட்டைக் கேட்டாள். அக்கா அவளை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டாள்.

“உனக்கு என்ன தொழில் தெரியும்?”

“நல்லா சமைப்பேங்க.”

“இங்க எல்லாருக்கும் சமைக்கத் தெரியும்.”

“வீட்டு வேலை செய்வேங்க. துணி வெளுப்பேன்.”

“இங்க அவங்கவங்க துணிய அவங்கவங்களே தோச்சுக்கறோம். வேற எடம் பாரும்மா.”

குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. அந்தப் பெண் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு மழையில் போனாள். அக்கா காலி வீட்டுக்குள் போய் அரைக்க உட்கார்ந்துவிட்டாள். அம்மிச் சத்தம் எனக்கு நாராசமாக இருந்தது.

அன்றைக்கே அவளிடம் கேட்டுவிட்டேன். எனக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. “உங்களுக்கு யாராவது போயிட்டாங்களாக்கா? ஆள் வர லேட்டாகி, மருந்து வர லேட்டாகி? அதனாலதான் இப்படியா?”

குழவியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒருத்தரும் போகலை. எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஏன், எழவு விழுந்தாத்தான் எனக்குப் புத்தி வரணுமா? மருந்து பக்கத்துல இருக்கணும்னு சொல்றதுக்கு ஒரு பொணம் வேணுமா?”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் எனக்கு விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் பத்து பெரெண்டாமில் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தபோது எனக்கு முதல் பிள்ளை. வலி கண்டு, ஆள் ஓடி, ஆள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. கத்தவே இல்லை. அதற்குப் பிறகு நான் அந்த இடத்தில் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்து, டவுன் கித்தாக் கிடங்கிலேயே ஒரு கிராணி வேலை பார்க்கும்படி அவரை நச்சரித்து, இங்கே வந்தேன். நான் வந்தது காஜா பெராங்குக்கு என்று சொல்வதைவிட மாக் பீடானுக்கு மூன்றாவது வீட்டுக்கு என்று சொல்வதுதான் சரி. இந்த வீட்டை எனக்குக் கொடுக்க அம்மியை எடுத்தவள் அக்கா. அவள் கேட்ட தொழில் என்னிடம் இல்லை. “இவளுக்கு நாம வேணும்” என்று மட்டும் சொன்னாளாம்.

நான் மறுபடி உண்டானேன். மாக் பீடான் வாரத்துக்கு ஒரு நாள் வந்து எண்ணெய் தடவி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். அவள் விரல்கள் பட்டால் எனக்குள் இருந்த பயம் கொஞ்சம் இறங்கும். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் தொட்டுக்கொண்டே மலாயில் மெல்லச் சொன்னாள், கடற்கரையில் இருக்கிற உஜோங் பாசிரில் தன் மகளுக்கும் இதே மாதம்தான் என்று. மகளுக்கு முதல் பிரசவம். அங்கே பக்கத்தில் பீடான் இல்லை. இருந்த கிழவி போன நோன்பு மாதத்தில் இறந்துவிட்டாள். மகள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சில நாளில் மருமகன் வந்தான். வெயிலில் கறுத்த மீனவன், நல்ல பையன், அத்தையின் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டான். அக்கா அகப்பையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. அவனும் அவளும் பேசியதை என் தமிழில் சொல்கிறேன்.

“எங்க தூக்கிட்டுப் போறே?”

“என் பொண்டாட்டிக்கு மாசம், அக்கா. அத்தை வரணும்.”

“இங்க ஒருத்திக்கும் மாசம். அவ ஒண்ணைப் பறிகொடுத்தவ. உன் பொண்டாட்டியை இங்க கூட்டிட்டு வா. காலி வீடு இருக்கு, அம்மியை இன்னிக்கே எடுத்துர்றேன். நீயும் வா. ரெண்டு பேரும் இங்கயே இருங்க. எல்லாம் பக்கத்துல இருக்கு.”

அவன் சுற்றிலும் பார்த்தான். நாவிதர் கடை, தையற்காரர், நானாவின் மூட்டைகள், குழாயடி எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தான்.

“கடலை எங்க வச்சிருக்கீங்க அக்கா?” என்றான்.

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அக்கா அகப்பையை இறக்கவில்லை. மாக் பீடான் மருமகன் தோளிலிருந்து பாயை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். “இந்தப் பெண்ணுக்கு ஆனதும் வருகிறேன் என்று சொல்” என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. என் வயிற்றுக்குள் இருந்த பிள்ளைக்காக நான் ஊரையே விற்றிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து வரிசையில் காற்று மாறிவிட்டது. மாக் பீடான் எங்கள் யாரோடும் பேச்சை நீட்டுவதில்லை. வாசலில் உட்கார்ந்து தெருக்கோடியையே பார்ப்பாள். அக்கா கடைக்குப் போகிற வழியில் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, அவள் வீட்டை எட்டிப் பார்ப்பாள். ஆள் இருக்கிறாளா என்று பார்க்கிற பார்வை அது. அதைப் பார்க்கையில், வேலிக்குள் கட்டின மாட்டை வண்டிக்காரர் காலையில் எண்ணுவது எனக்கு நினைவு வரும். பீடானை ஒருவரும் கட்டிப் போடவில்லைதான். ஆனாலும் அவளால் எழுந்து போக முடியவில்லை.

ஒரு காலையில் முதுகில் ஆரம்பித்தது வலி. எழுந்து கொல்லைப்பக்கம் வந்தேன். அக்கா வீட்டுக் கூரையில் புகை இல்லை. என் கால் அப்படியே நின்றுவிட்டது. காய்ச்சலில் கிடந்த நாளில்கூட அந்த அடுப்பு அணைந்ததில்லை. கதவு சாத்தியிருந்தது. வண்டியும் இல்லை. அகப்பை வாசல் தூணில் மாட்டித் தொங்கியது.

“எங்க போனாங்க?” என்று நானாவிடம் கேட்டேன்.

“உஜோங் பாசிருக்கும்மா. அந்த மலாய்ப் புள்ளையை நானே போய்க் கூட்டியாறேன், அவன் கேட்டா கேக்கறான் கேக்காட்டிப் போறான்னு சொல்லிட்டு, விடியறதுக்குள்ள புருசனை எழுப்பி வண்டியக் கட்டச் சொல்லிட்டாங்க.”

டவுனைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அந்தக் கோடியில் கடற்கரை. அவள் ஆயுசிலேயே அவ்வளவு தூரம் போனதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு வலி அடுத்தடுத்து வந்தது. மாக் பீடான் வந்து வெந்நீர் போடச் சொன்னாள், பாயை விரித்தாள், என்னைப் படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தாள். தலை நேராக இருக்கிறது, நேரம் ஆகும் என்றாள். கை என் மேல் இருந்தது. காது முழுக்கத் தெருவில் இருந்தது. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவள் விரல்கள் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அது வேறு யாருடைய வண்டியாகவோ இருந்தது. வெயில் ஏற ஏற எனக்கு வலியைவிட அந்த நிற்கிற விரல்கள்தான் பயமாக இருந்தன.

உச்சி வெயிலில் வண்டி வந்தது. அக்கா மட்டும் இறங்கினாள். வெறுங்கை. புடவை முழங்கால் வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. உள்ளே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, பீடானைப் பார்த்தாள்.

“போ. வண்டி நிக்குது.”

பீடான் எழுந்துவிட்டாள். “என் மகள்?”

“விடியக்காலமே பனிக்குடம் உடைஞ்சிருக்கு. புள்ள குறுக்கே கெடக்கும் போலன்னு அங்கத்துப் பொம்பளைங்க சொல்றாங்க. வண்டில ஏத்தவே முடியலை. போ.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. நான் யாருக்காக இங்கே வந்தேன் என்று கத்தினேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று, அதுவரை அக்காவிடம் பேசாத ஒருமையில் கத்தினேன். பீடான் வாசலுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். பிறகு குனிந்து மறுபடி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அக்காவின் கையைப் பிடித்து இங்கே, இப்படி, இப்போது வேண்டாம், தலை தெரிந்த பிறகுதான் என்று காட்டினாள். தொப்புள்கொடி அறுக்கிற மூங்கில் கத்தியை வெந்நீரில் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். அவள் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை.

அக்கா என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் அவள் கையைக் கடித்தேன். கையை எடுக்கவில்லை.

“ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?”

“அங்க போய்ப் பாத்தேன்டி.” அவள் குரல் வேறு யாருடைய குரல் போலவோ இருந்தது. “அவ அடுப்பு எரியுது. அடுப்புக்கு அந்தாண்ட நாலெட்டுல கடல். உலையை வச்சுட்டுப் போய்ப் புருசன் படகுலேர்ந்து மீனை வாங்கிட்டு வந்துர்றாளாம். தண்ணிக் கெணறு வாசல்ல இருக்கு. ஆத்தாளைத் தவிர எல்லாம் அவளுக்குப் பக்கத்துல இருக்கு. ஆத்தாளை நாந்தான இங்க புடிச்சு வச்சிருக்கேன்.”

அப்புறம் வேலைதான் நடந்தது. நானாவின் மனைவி வெந்நீரோடு வந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் என் மகள் பிறந்தாள். பிறந்ததும் கத்தினாள். தெருவே கேட்கும்படி கத்தினாள். கொடியை அக்காதான் அறுத்தாள். அறுத்து முடித்ததும் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் என்னுடையது வேறு அழுகை.

மறுநாள் மத்தியானம் வண்டிக்காரர் வந்தார். மாட்டை அவிழ்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. தாய் பிழைத்துவிட்டாள், பிள்ளை தங்கவில்லை என்றார். பீடான் போய்க் குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பியிருக்கிறாள். ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஆண் பிள்ளையாம்.

அக்கா கேட்டாள், “முந்தின நாளே போயிருந்தா?”

அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தார்.

மாக் பீடான் ஒரு வாரம் கழித்து வந்தாள். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என் மகளைத் தூக்கி முகர்ந்துபார்த்தாள், என் வயிற்றில் துணி கட்டிவிட்டாள். போய்ப் பாயைச் சுருட்டினாள். இந்த முறை அவள் வாசலில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. வண்டியில் பாயை ஏற்றும்போது அக்கா காலி வீட்டுக்குள் போனாள். அம்மியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவு கனத்தைத் தூக்கும் உடம்பில்லை அவளுக்கு. யாரையும் உதவிக்கு விடவில்லை. வண்டியில் வைத்து, பக்கத்தில் குழவியையும் வைத்தாள்.

“கடற்கரைல உன் மக வீட்டுக்குப் பக்கத்துல ஒரு குடிசை காலியா இருக்கு, பாத்துட்டு வந்தேன்” என்றாள் பீடானிடம் மலாயில். “இதை உள்ள போடு. அங்க எங்க வழக்கம் தெரியாது. நீ சொல்லிக் குடு.”

எங்கள் வரிசையில் அதன் பிறகு பீடான் இல்லை. காலியான இரண்டு வீடுகளுக்கும் கேட்டவர்கள் வந்தார்கள். அக்கா யாரிடமும் என்ன தொழில் என்று கேட்கவில்லை. மழையில் போன அந்தப் பெண் எங்காவது கண்ணில் பட்டாளா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. மிளகாய் அரைக்க என் வீட்டுக்கு வருவாள். வேறு அம்மி வாங்கிக்கொள்ளச் சொன்னால் காதில் விழாததுபோல் அரைப்பாள்.

வாரத்தில் ஒரு நாள் அவள் கூரையில் புகை இருக்காது. வண்டியில் போகமாட்டாள், உஜோங் பாசிருக்கு நடந்தே போவாள். பீடான் மகளுக்கு மறுபடி மாதம் என்று கேள்விப்பட்ட பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஆயிற்று. அப்படி ஒரு காலையில் என் வாசலில் வந்து நின்றாள். முந்தானையில் கருப்பட்டியும் சுக்கும் முடிந்திருந்தாள். என் மகள் இடுப்பில் இருந்தாள்.

“ஜாவாக்கா?” என்றேன்.

“ஜாவ்தான்டி” என்றாள். அகப்பையை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.